ரூபியின் தாயும் சூடெக்கின் வீழ்ச்சியும்

1963-இல் பிபிசியில் தொடங்கிய ‘டாக்டர் ஹூ’ என்ற அறிவியல் புனைகதைத் தொலைக்காட்சித் தொடரின் 2024-ஆம் ஆண்டுப் பருவத்தின் இறுதி அத்தியாயம் என்னை நெகிழவும் வைத்தது, ஏமாற்றவும் செய்தது. காலத்தில் பயணிக்கும் நாயகன் டாக்டரின் தோழி ரூபி; பருவம் முழுவதும் மர்மமாகவே வளர்க்கப்பட்ட அவளுடைய தாய், அண்ட ரகசியம் எதுவும் இல்லாத ஒரு சாதாரணப் பெண் என்று வெளிப்படுத்திய துணிவை நான் மனமாரப் பாராட்டுகிறேன். காபிக் கடையில் மகள் அவரைச் சந்திக்கும் காட்சியில் ரூபியாக நடித்த மில்லி கிப்சனின் முகத்தில் தெரிந்த தயக்கமும் ஏக்கமும் கண்கலங்கச் செய்தன. ஆனால், 1975-இல் அறிமுகமான, மரணத்தின் கடவுளான வில்லன் சூடெக்கை, அன்று குரல் கொடுத்த கேப்ரியல் வுல்ஃபின் குரலிலேயே (என்ன கம்பீரம் அந்தக் குரலுக்கு!) மீட்டெடுத்து, பேரண்டத்தையே தூசாக்கவிட்டு, பிறகு டாக்டர் அவனைக் கயிற்றில் கட்டி, காலப் பயணப் பாதையான காலச்சுழலுக்குள் இழுத்துச் சென்றதும் மாண்டவர் அனைவரும் உயிர்பெற்றதாகக் காட்டியதை என்னால் ஏற்க முடியவில்லை. அத்தனை மரணங்களும் அந்தக் கணமே பொருளிழந்துபோயின.