லூ ஆறு: இன்னோர் ஆற்றின் கசிவில் பிறந்தது

பிரான்சின் கிழக்கே, சுவிஸ் எல்லையை ஒட்டிய ஜூரா மலைப்பகுதியில் ஓடுகிறது லூ. நீளம் ஏறக்குறைய 120 கிலோமீட்டர்தான். ஊவான் என்ற ஊருக்குக் கீழே, கடல் மட்டத்திலிருந்து சுமார் 530 மீட்டர் உயரத்தில், செங்குத்துப் பாறையின் அடியில் இருக்கும் பெரிய குகைவாயிலிலிருந்து பிறக்கும்போதே முழு ஆறாகப் பாய்ந்து வருகிறது.

மேலே உள்ள பீடபூமி முழுக்கச் சுண்ணாம்புக்கல். மழைநீர் கல்லைக் கரைத்து உண்டாக்கிய வெடிப்புகள் வழியே தண்ணீர் உள்ளே இறங்கிவிடுவதால், தரைமேல் ஓடைகளைக் காண்பது அரிது. பொந்தார்லியே நகரைக் கடந்து ஓடும் டூ ஆற்றின் படுகையிலும் இதே போன்ற ஓட்டைகள் உண்டு. அதில் கசியும் நீரில் ஒரு பங்கு லூவாக வெளிவருகிறது. 1901 ஆகஸ்டில் பொந்தார்லியேயில் இருந்த பெர்னோ மது ஆலையில் மின்னல் விழுந்து தீப்பிடித்தபோது, தொட்டிகளில் இருந்த, சோம்பு மணக்கும் அப்சிந்த் மதுவைத் திறந்துவிட்டார்கள். அது டூ ஆற்றில் கலந்தது. சில நாட்களில் லூவின் பிறப்பிடத்தில் சோம்பு வாசனை அடித்தது. பின்னர், 1910-இல், ஃப்ளூரசீன் சாயத்தை டூவில் கலந்து பார்த்து இந்தத் தொடர்பை உறுதி செய்தார்கள். கோடை வறட்சியில் டூவின் படுகை சில இடங்களில் காய்ந்து கிடப்பதற்கு இந்தக் கசிவும் ஒரு காரணம்.

குகைவாயிலைப் பார்க்க ஊவான் பக்கம் மேலே வண்டியை நிறுத்திவிட்டு இறங்குவதே சுலபம்; கால் மணி நேர நடை. திரும்பும்போது அத்தனையும் ஏற்றம். நேரம் இருந்தால் மூத்தியே-ஓத்-பியேர் கிராமத்திலிருந்து நுவாய் பள்ளத்தாக்கு வழியே மேல்நோக்கி நடப்பது எவ்வளவோ மேல்; போய்வர அரை நாள் ஒதுக்க வேண்டும். மழைக்குப் பின் பாதையில் பாசியும் ஈரக் கற்களும் வழுக்கும், பாறைத் துண்டுகளும் விழும். செருப்போடு போகிற இடமல்ல. வெள்ளம் பொங்கி வருவதைப் பார்க்க வேண்டுமென்றால் பனி உருகும் வசந்தமே தோது. ஆகஸ்டில் நீர் மெலிந்துவிடும். கூட்டம் மட்டும் குறையாது.

மூத்தியேக்குக் கீழே லோ, வ்யூயாஃபான் என்று கல்வீட்டுக் கிராமங்கள் வரிசையாக வருகின்றன. அடுத்து ஓர்னான், ஓவியர் கூர்பே 1819-இல் பிறந்த ஊர். இங்கே வீடுகளின் பின்சுவர் நேராக ஆற்றுக்குள் இறங்குகிறது. நகரத்துப் பாலங்களில் நின்றால் நன்றாகத் தெரியும். கிளெரோன் கோட்டையையும் பாலத்தில் நின்று பார்ப்பதே சரி. அதற்கும் கீழே, தானும் குகையிலிருந்தே பிறந்த லிசோன் ஆறு வந்து சேர்கிறது.

தெளிந்த நீரைப் பார்த்து ஏமாந்துவிடக் கூடாது. பீடபூமியில் கோம்தே பாலாடைக்கட்டிக்காகப் பசுக்கள் மேய்கின்றன. வயலில் விடும் சாணக் கரைசலும் ஊர்களின் கழிவுநீரும், மண்ணில் வடிகட்டப்படாமலேயே வெடிப்புகள் வழியாக ஆற்றை அடைந்துவிடுகின்றன. கோடையில் பாசி படர்ந்து கற்கள் வழவழக்கும். 2010 வாக்கில் டிரவுட், கிரேலிங் மீன்கள் பெருமளவில் செத்து மிதந்தன. ஈ-தூண்டில் (ஈ போன்ற போலி இரை) போட்டு மீன்பிடிப்பவர்களிடம் உலகப் பெயர் எடுத்த ஆறு இது என்பதால் அப்போது பெரும் சலசலப்பு எழுந்தது. ஒரே குற்றவாளி என்று எதையும் சுட்ட முடியாததுதான் சிக்கல்.

கேன்ஜே என்ற ஊரைத் தாண்டியதும் மலை விலகி, ஆறு சமவெளியில் வளைந்து வளைந்து போகிறது. இந்தப் பகுதியைப் பலர் தவிர்த்துவிடுவார்கள். ஆனால் ஆர்க்-எ-செனானில் உள்ள அரசு உப்பாலைக்காகவாவது வர வேண்டும். லெதூ என்ற கட்டடக் கலைஞர் 1775 முதல் 1779 வரை கட்டியது. உப்புநீர் இங்கே கிடையாது. சலான்-லே-பானிலிருந்து 21 கிலோமீட்டர் குழாயில் கொண்டுவந்தார்கள். அதைக் காய்ச்ச ஷோ காட்டு விறகு பக்கத்திலேயே இருந்ததுதான் காரணம்.

தோல் நகருக்குத் தெற்கே, பார்சே அருகில் லூ மீண்டும் டூவிலேயே கலக்கிறது. இதற்குள் டூ வடக்கே மோன்பெலியார் வரை போய் மடங்கி, பெசான்சோனைச் சுற்றிக்கொண்டு வந்து சேர்ந்திருக்கும்.