பாம்பன் பாலத்தில் அறுபது சைஸ் இன்ஜின்

ஏப்ரல் 12, 2025, சனி

சித்தப்பாவின் அம்பாசிடர் இன்று உச்சிப்புளி வீட்டு வாசலுக்கு வந்துவிட்டது. மார்க் 4. ராமநாதபுரத்துக்கும் ராமேஸ்வரத்துக்கும் இடையே யாத்திரைக்காரர்களை ஏற்றிக்கொண்டு இருபது வருஷம் ஓடிய வண்டி. சித்தப்பா போன பிறகு ஓலைக் கொட்டகையில் கிடந்தது. அவர் மகன்தான் வெளியூர் ஒர்க்‌ஷாப் ஒன்றில் கொடுத்து இன்ஜினை இறக்கி வேலை பார்த்திருக்கிறான். நாளை மறுநாள் துபாய்க்கு விமானம். சாவியைக் கையில் வைத்து, "நம்பிப் போகலாமான்னு நீங்கதான் ஓட்டிப் பாத்துச் சொல்லணும்ணே" என்றான்.

அம்மாவுக்கு வைகாசி விசாகத்துக்கு முன்னால் திருச்செந்தூர் போக வேண்டும். அதுவும் இந்த வண்டியில்தான் போக வேண்டுமாம். சாயல்குடி தாண்டினால் பனையும் சீமைக் கருவேலமும்தான் துணை. அங்கே நின்றுவிட்டால் யாரைக் கூப்பிடுவது?

ராத்திரி பில்லை விரித்துப் பார்த்தேன். போர் 60 சைஸ், அதாவது தேய்ந்த சிலிண்டர் துளையை அந்த அளவுக்குப் பெரிதாகக் கடைந்திருக்கிறார்கள். பிஸ்டன் செட் புதுசு, கிராங்க் ஷாஃப்டைத் தேய்த்து 20 அண்டர் சைஸ். போரில் 20, 40 இரண்டு சைஸையும் சித்தப்பா காலத்திலேயே தாண்டியாயிற்று. இனி ஒரு தடவை தேய்ந்தால் சிலிண்டருக்குள் புதுக் குழாய் இறக்குகிற லைனர் வேலைதான்.

ஏப்ரல் 13, ஞாயிறு

"இன்ஜினைப் பெருசாக்கிட்டாங்களாம்ல, சூடேறி உக்காந்துரும்." காலையிலிருந்து மூன்று பேர் சொல்லிவிட்டார்கள். டீக்கடைக்காரர் உட்பட.

எவ்வளவு பெருசு என்று கணக்குப் போட்டேன். 60 சைஸ் என்றால் அங்குலத்தில் ஆயிரத்தில் 60 பங்கு, ஒன்றரை மில்லிமீட்டர். 73.025 மி.மீ. விட்டம் 74.549 ஆகிறது. ஸ்ட்ரோக் அதே 88.9. நாலு சிலிண்டருக்கும் சேர்த்து 1489 சிசி, 1552 ஆகிறது. கூடியது 63 சிசி. டீக்கடைக்காரர் ஊற்றுகிற டீயில் அரை கிளாஸ்கூட இல்லை.

அதற்காகப் பயமே வேண்டாம் என்றும் சொல்ல மாட்டேன். சிலிண்டர் சுவர் அந்த அளவுக்கு மெலிந்திருக்கிறது. பக்கத்துப் பக்கத்து சிலிண்டர்களுக்கு இடையே கசியாமல் அடைக்கிற ஹெட் கேஸ்கெட் உட்காரும் இடமும் குறுகியிருக்கிறது. இந்த இன்ஜினை உருவாக்கிய பிரிட்டிஷ் கம்பெனி பி.எம்.சி. இதே குடும்ப இன்ஜினை, இதே ஸ்ட்ரோக்கில், 1588, 1622, 1798 சிசி என்று வளர்த்தது உண்மைதான். ஆனால் 1798-ஐ எட்டியபோது வார்ப்பே வேறு. அதைக் காட்டி இதற்குச் சான்றிதழ் கொடுக்க முடியாது.

ஏப்ரல் 19, சனி

நம் ஜில்லாவில் மேடு என்று ஒன்று உண்டென்றால் அது பாம்பன் ரோட்டுப் பாலம்தான். 1988-இல் திறந்தது, இரண்டே கால் கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூடுதல். நடுவில் உயர்ந்து இரண்டு பக்கமும் சரியும். கடலைப் பார்க்க வருகிறவர்களுக்கு அது காட்சி, எனக்கு அது சோதனைச் சாலை.

புது ரயில் பாலம் இந்த மாசம் ஆறாம் தேதி திறந்ததிலிருந்து ரோட்டுப் பாலத்தில் வண்டியை நிறுத்தி போட்டோ எடுக்கிற கூட்டம் தாங்கவில்லை. அதனால் விடிகாலை ஐந்தரைக்கே போனோம். பின்னால் பைக்கில் மச்சான். அவன் வேலை சைலன்சரைப் பார்ப்பது மட்டும்.

ஏறும்போது மிதித்து ஏறினேன். லோடில் நீலப் புகை தொடர்ந்து வந்தால் பிஸ்டன் ரிங் சரியில்லை. இறங்கும்போது டாப் கியரிலேயே காலை எடுத்துவிட்டு, அடிவாரத்தில் ஒரே மிதி. அப்போது மட்டும் குப்பென்று நீலப் புகை வந்தால் வால்வு ஏறி இறங்குகிற கைடு வழியாக ஆயில் இறங்குகிறது என்று அர்த்தம்.

மண்டபம் பக்கம் திரும்பி வந்ததும் மச்சான் ஹெல்மெட்டைக் கழற்றி, "ஒண்ணுமில்ல மாமா. எனக்குத்தான் கண்ணு எரியுது, அது பெட்ரோல் வாடை" என்றான். கார்ப்ரேட்டரைக் கொஞ்சம் இறுக்க வேண்டும். அவ்வளவுதான்.

ஏப்ரல் 27, ஞாயிறு

கீழக்கரை பாயிடம் கொண்டுபோனேன். பில்லை நீட்டினால் வாங்கவே இல்லை. "பில்லு பேசாது தம்பி, வண்டி பேசும்."

ஆயில் பிரஷர் மீட்டர் ஒன்றை மாட்டிக்கொண்டு ஏர்வாடி வரை போய் வரச் சொன்னார். குளிர்ந்த இன்ஜினில் பிரஷர் எல்லா வண்டியிலும் நன்றாகத்தான் காட்டும், சூட்டில் பார்ப்பதுதான் கணக்கு என்றார். ஓட்டத்தில் 50, திரும்பி வந்து ஐடிலில் 20. கிராங்க் வேலை சுத்தம்.

பிறகு நாலு பிளக்கையும் கழற்றி, ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்தபடி கம்ப்ரஷன் பார்த்தோம், ஒவ்வொரு சிலிண்டரும் காற்றை எவ்வளவு அழுத்துகிறது என்று. 128, 125, 126, 104. நாலாவதில் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி பார்த்தார். 106. ரிங்காக இருந்தால் நன்றாக ஏறியிருக்கும். ஏறாததால் வால்வு பக்கம் போனார். எக்சாஸ்ட் டேப்பட் கேப், அதாவது வால்வுக்கும் அதைத் தள்ளுகிற பாகத்துக்கும் நடுவே விட வேண்டிய இடைவெளி, இறுகிக் கிடந்தது, வால்வு முழுசாக மூடவில்லை. புது வேலையில் வால்வு உட்கார்ந்த பிறகு கேப் மறுபடி வைக்க வேண்டும், யாரும் வைக்கவில்லை. வைத்த பிறகு 122.

எனக்கு உறுத்தியது வேறு. மூன்று பிளக் டீயில் நனைத்த பிஸ்கட் நிறத்தில் இருக்க, நாலாவது மட்டும் சுண்ணாம்பு வெளுப்பு, அந்த சிலிண்டர் அதிகம் சூடேறுகிற மாதிரி. பாயும் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை.

மே 4, ஞாயிறு

அக்னி நட்சத்திரம் ஆரம்பம். மத்தியானம் இரண்டு மணிக்கு தேவிபட்டினம் ரோடு. வேண்டுமென்றேதான். எட்டாவது கிலோமீட்டரில் சூடு காட்டும் மீட்டரின் முள் ஏற ஆரம்பித்தது. வேப்பமரத்தடியில் நிறுத்தி பானெட்டைத் திறந்தால், டீக்கடைக்காரர் முகம்தான் கண்ணுக்கு முன்னால் வந்தது.

மே 5, திங்கள்

பாய் முதலில் தொட்டது ரேடியேட்டரை. இன்ஜினைச் சூடாக்கி நிறுத்திவிட்டு, உள்ளங்கையை மேலிருந்து கீழாக வைத்துக்கொண்டே வந்தார். "இங்க வைங்க." அடியில் ஒரு முறம் அளவுக்குச் சூடே இல்லை. அங்கே குழாய்கள் அடைத்திருக்கின்றன, தண்ணீர் போகவில்லை. வெளியே தகடுகள் கடற்காற்றில் அரித்து, விரலால் தொட்டால் உதிர்கின்றன.

அப்புறம் இன்ஜின் பிளாக்கின் பின்பக்கம், தண்ணீர் வடிக்கிற திருகைத் திறந்தார். சொட்டுக்கூட வரவில்லை. கம்பியை விட்டுக் குத்தியதும் செம்மண் குழம்பு மாதிரி துருவும், கூடவே வெள்ளைச் சில்லுகளும் வந்து விழுந்தன. நாலாவது சிலிண்டர் இருப்பது அந்தக் கோடியில்தான்.

காவிரித் தண்ணீர் குழாயில் வருவதற்கு முன்னால் சித்தப்பா ஊற்றியதெல்லாம் கிணற்று உப்புத் தண்ணீர். மனுஷருக்கே குடத்துக்குக் காசு கொடுத்த காலம், வண்டிக்கு யார் நல்ல தண்ணீர் ஊற்றுவார்கள்? அவரைக் குறை சொல்ல மனசு வரவில்லை. ஒன்றரை மில்லிமீட்டரை அவ்வளவு துல்லியமாகக் கடைந்த ஒர்க்‌ஷாப், அதைச் சுற்றியிருந்த இருபது வருஷத்து உப்பைக் கழுவாமல் விட்டதுதான் எரிச்சல்.

மே 11, ஞாயிறு

ரேடியேட்டருக்குப் புது கோர். பிளாக்கைப் பக்கவாட்டு வட்டத் தகடுகளைக் கழற்றி இரண்டு நாள் கழுவினார்கள். ஹெட்டை ஆறவிட்டு போல்ட்டுகளை மறுபடி டைட் வைத்தார் பாய். இனி கூலண்ட், ஆர்.ஓ. தண்ணீர் மட்டும்.

மத்தியானம் இரண்டு மணி, அதே தேவிபட்டினம் ரோடு. முள் பாதியில் நின்றது. திரும்பும்போதும் அங்கேயே.

மே 17, சனி

தனுஷ்கோடி போய் அரிச்சல்முனையில் திருப்பி வந்தேன். நாலு பிளக்கும் ஒரே நிறம். ஆயில் குச்சியில் மட்டம் இறங்கவில்லை. துபாய்க்கு போன் போட்டு, எழுபது கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போகாமல் திருச்செந்தூர் போய் வரலாம் என்றேன். அவனுக்கு எண்பது கேட்க ஆசை. முடியாது என்றேன்.

டிக்கியில் பத்து லிட்டர் கேன் இரண்டு, ஃபேன் பெல்ட் ஒன்று, ஹோஸ் பைப் ஒன்று. எடுத்து வைப்பதை அம்மா திண்ணையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். "அம்புட்டுத் தண்ணியும் வண்டிக்கா? எனக்குக் குடிக்க ஒரு சொம்பு வைப்பியா?"

மூன்றாவது கேன் வாங்க வேண்டும்.