சுயவிவரத்தில் விடுபட்ட 25 நிமிடங்கள்

உடன் பணிபுரியும் தம்பி ஒருவர், வேறு வேலைக்கு அனுப்பவிருக்கும் சுயவிவரத்தை நேற்று என்னிடம் காட்டினார். "செயல்முறை மேம்பாட்டில் அனுபவம் உண்டு" என்று ஒரே ஒரு வரி.

"அப்படி என்ன செய்தீர்கள், தம்பி?" என்றேன். தயங்கித் தயங்கிச் சொன்னார். ஒரே விண்ணப்பத்தை இரண்டு பிரிவுகளிலும் தனித்தனியாகத் தட்டச்சு செய்துகொண்டிருந்தார்களாம். ஒரு வாரம் நேரத்தைக் குறித்து வைத்து, மேலாளரிடம் காட்டி, இரண்டாவது பதிவை நிறுத்த வைத்திருக்கிறார். 40 நிமிட வேலை 15 நிமிடமானது. இதையல்லவா முதல் வரியில் எழுத வேண்டும்!

டொயோட்டா கார் நிறுவனத்தின் பொறியாளர் தாயிச்சி ஓனோ, ஒரு சிக்கலின் மூலக் காரணத்தைக் கண்டறிய 'ஏன்' என்று ஐந்து முறை கேட்கச் சொன்னவர். இயந்திரம் ஏன் நின்றது? பளு கூடி ஃபியூஸ் போனது. பளு ஏன் கூடியது? பேரிங்கில் எண்ணெய் போதவில்லை. ஏன்? பம்ப் சரியாக எண்ணெய் ஏற்றவில்லை. ஏன்? அதன் தண்டு தேய்ந்திருந்தது. அது ஏன்? வடிகட்டி இல்லாததால் உலோகத் துகள்கள் உள்ளே புகுந்துவிட்டன. ஃபியூஸை மட்டும் மாற்றியிருந்தால் மறுபடியும் நின்றிருக்கும்.

வேலை தேடும்போதும் இப்படித்தான் தோண்ட வேண்டும் என்பேன். அழைப்பே வராவிட்டால், பெரும்பாலும் சுயவிவரத்தில்தான் குறை. நேர்காணல் வரை போய்த் தவறினால், பதில் சொல்லும் விதத்தைப் பார்க்க வேண்டும். இரண்டையும் குழப்பிக்கொண்டு, அதே சுயவிவரத்தை இன்னும் நூறு இடங்களுக்கு அனுப்புகிறவர்களைப் பார்க்கும்போது மனம் வலிக்கிறது.

தம்பி அந்த வரியைத் திருத்தி இன்றிரவு அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறார். காத்திருக்கிறேன்.