தக்காளி மேலே போகிற பிட்சாக்கள்

அமெரிக்காவின் சிகாகோ டீப் டிஷ் (ஆழமான தட்டில் சுடுவது), டெட்ராய்ட் பிட்சா இரண்டிலும் சாஸ் சீஸுக்கு மேலேதான் போகும். இரண்டும் தடிமன்தானே என்று ஒரே மாவைப் பிசைந்தால் சறுக்கும். சிகாகோ மாவு பிஸ்கெட்டுக்குச் சொந்தம், டெட்ராய்ட் மாவு பன்னுக்குச் சொந்தம்.

சிகாகோ டீப் டிஷ்ஷின் பழைய கடை, 1943இல் தொடங்கிய பிட்சேரியா ஊனோ. வீட்டில் 9 அங்குல வட்ட கேக் டின் (2 அங்குல ஆழம்) போதும். மைதா 250 கிராம், தண்ணீர் 125, உருக்கிய வெண்ணெய் 30, எண்ணெய் 25, உப்பு 4, இன்ஸ்டன்ட் ஈஸ்ட் 3 கிராம். மாவு திரண்டு வந்ததும் ஒரு நிமிடம் பிசைந்து நிறுத்திவிடுங்கள். சப்பாத்திக்குப் போல அடித்துப் பிசைந்தால் மாவு ரப்பராகும். டின் சுவரில் ஏற்றி வைத்த ஓரம் ஓவன் சூட்டில் சுருங்கிக் கீழே வந்துவிடும். 2 மணி நேரம் உப்பியதும் விரலால் அழுத்தி, சுவரில் ஒன்றரை அங்குலம் ஏற்றுங்கள்.

அடியில் மொசரெல்லா வில்லைகள் 250 கிராம், இடைவெளி விடாமல். தக்காளித் தண்ணீர் மாவில் இறங்காமல் தடுப்பது இந்தச் சீஸ்தான். தண்ணீரில் மிதக்கும் ஃப்ரெஷ் மொசரெல்லா இதற்கு ஆகாது. அதன்மேல் சாசேஜ், அல்லது தண்ணீர் சுண்ட வதக்கிய காளான். கடைசியாக, கையால் நசுக்கிய டின் தக்காளி 400 கிராம். சல்லடையில் 20 நிமிடம் வடியட்டும். இதைத் தவிர்ப்பவர்களுக்குத்தான் வெட்டும்போது குளம் கட்டும். 220 டிகிரி, கீழ்த்தட்டு, 35 நிமிடம். அவ்வளவு நேரம் சீஸ் மேலே இருந்தால் கருகிவிடும், அதனால்தான் இந்தத் தலைகீழ் அடுக்கு. எடுத்து 10 நிமிடம் கழித்தே கத்தி வையுங்கள்.

1970களில் வந்த ஸ்டஃப்டு வகையில் சீஸுக்கு மேல் இன்னொரு மெல்லிய மாவு விரிப்பு. அதில் நாலைந்து துளை போட மறந்தால் ஆவி வெளியேற வழியில்லாமல் பூரி மாதிரி எழும்பும்.

டெட்ராய்ட் வகை 1946இல் அந்த ஊரின் பட்டீஸ் (Buddy's) என்ற கடையில் பிறந்தது. கார் தொழிற்சாலைகளில் புழங்கிய கனத்த நீல எஃகுத் தட்டுகளில் சுட்டதால்தான் அந்தச் செவ்வக வடிவம். 9 அங்குலச் சதுர டின்னுக்கு பிரெட் மாவு 200 கிராம், தண்ணீர் 140 (மைதா என்றால் 130 போதும்), உப்பு 4, ஈஸ்ட் 2. கையில் அப்பும், அப்பட்டும். மேலே மாவு தூவாதீர்கள். ஈரக்கையால் அரை மணிக்கு ஒரு தடவை, மூன்று முறை மடித்தால் தானே இறுகும். டின்னில் இரண்டு ஸ்பூன் எண்ணெய் விட்டுப் பரத்துங்கள். மூலைக்குப் போகாமல் பின்வாங்கினால் 15 நிமிடம் விட்டு மறுபடி இழுங்கள். பரத்தியபின் ஒரு மணி நேரம் உப்ப வேண்டும்.

அங்கே போடுவது அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்துப் பிரிக் சீஸ். கிடைக்காத ஊரில் மொசரெல்லாவும் காரமில்லாத செடாரும் சரிபாதி, மொத்தம் 225 கிராம். துண்டுகளை டின் சுவரைத் தொடும்படி ஓரமாக நெருக்குங்கள். உருகி, சுவருக்கும் மாவுக்கும் நடுவே வழிந்து பொரிந்து முறுகுகிற அந்த ஓரம்தான் இதன் உயிர். சாஸை மட்டும் கெட்டியாகக் காய்ச்சி, மேலே இரண்டு கோடாக விடுங்கள். 250 டிகிரியில் 15 நிமிடம்.

வெளியே எடுத்த உடனே மெல்லிய தோசைத்திருப்பியால் நாலு பக்கமும் கீறி விடுங்கள். ஆறினால் சீஸ் சிமென்ட். பளபள அலுமினிய டின்னில் அடி வெளுத்தே நிற்கும். அப்படியானால் டின்னோடு அடுப்பில் சிறுதீயில் வைத்து, இரண்டு நிமிடம் சுற்றிச் சுற்றித் திருப்புங்கள். நான்ஸ்டிக் டின் என்றால் இந்த வேலை வேண்டாம்.