லெவர்குசன்: ஒரு சீசனின் நாட்குறிப்பு

2023 ஆகஸ்ட் 19, சனி

ஜெர்மனியின் முதல் நிலைக் கால்பந்து லீக்கான புண்டஸ்லீகா எங்கள் லெவர்குசன் கிளப்புக்கு இன்று தொடங்கியது. முதல் ஆட்டமே லைப்சிக்கோடு. போன வாரம்தான் அவர்கள் சூப்பர் கோப்பையில் பயர்ன் மியூனிக்கை அதன் சொந்த மைதானத்திலேயே 3-0 என்று வீழ்த்தியிருந்தார்கள். இன்று எங்கள் மைதானமான பேஅரேனாவில் 3-2 என்று தோற்றுப் போனார்கள். ஃப்ரிம்போங், தா, விர்ட்ஸ் மூவரும் ஆளுக்கொரு கோல்.

கோடையில் மூசா டியாபியை ஆஸ்டன் வில்லாவுக்கு விற்றபோது மனதுக்குக் கஷ்டமாக இருந்தது. ஆனால் வந்தவர்களைப் பாருங்கள். ஆர்சனலிலிருந்து ஜாக்கா, கிளாட்பாக்கிலிருந்து ஹோஃப்மான், பெல்ஜியத்திலிருந்து போனிஃபேஸ். பென்ஃபிகாவின் கிரிமால்டோ ஒப்பந்தம் முடிந்து இலவசமாகவே வந்துவிட்டார். ஜாக்கா பந்தை வாங்கி, தலையைத் தூக்கிப் பார்த்து, அவசரமில்லாமல் பாஸ் கொடுப்பதைப் பார்க்கும்போதே நமக்கும் பதற்றம் இறங்கிவிடுகிறது.

சாபி அலோன்சோ 2022 அக்டோபரில் பயிற்சியாளராகப் பொறுப்பேற்றபோது நாங்கள் 8 ஆட்டங்களில் 5 புள்ளிகளோடு கடைசிக்கு முந்தைய இடத்தில் இருந்தோம். அதற்கு முன் அவர் ரியால் சோசியடாடின் இரண்டாவது அணிக்குத்தான் பயிற்சி கொடுத்திருந்தார். அப்படிப்பட்டவர் அந்த சீசனை 6-வது இடத்தில் கொண்டுபோய் முடித்தார். இந்த வருடம் முதல் நாளிலிருந்தே அணி அவர் கையில். அதனால்தான் எழுதி வைக்கலாம் என்று தோன்றியது.

செப்டம்பர் 15, வெள்ளி

மியூனிக்கில் 2-2. ஏழாவது நிமிடத்தில் ஹாரி கேன் கோல் போட்டார். கிரிமால்டோவின் ஃப்ரீ கிக் அதைச் சமன் செய்தது. 86-வது நிமிடத்தில் கோரெட்ஸ்கா பயர்னை மறுபடி முன்னே கொண்டுபோனார். வழக்கமாக இந்த இடத்தில் கதை முடிந்துவிடும். இன்று 90 நிமிடம் முடிந்து சேர்க்கும் இஞ்சுரி டைமில் பெனால்டி கிடைத்தது, பாலாசியோஸ் அதைக் கோலாக்கினார்.

பக்கத்து வீட்டுப் பெரியவரோடு உட்கார்ந்துதான் பார்த்தேன். இந்த ஊரின் பேயர் மருந்து, ரசாயனத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கோல் விழுந்ததும் எழுந்து நின்று கை தட்டினார். நன்றாக ஆடியது நாம்தான், ஒரு புள்ளி நமக்குக் குறைவுதான் என்று சொல்லிவிட்டுப் போனார். எனக்கும் அப்படித்தான் பட்டது.

டிசம்பர் 20, புதன்

போகுமை 4-0. ஷிக் இடைவேளைக்கு முன்பே ஹாட்ரிக். சீசன் தொடங்கி 25 ஆட்டங்கள், தோல்வியே இல்லை. இனி கிறிஸ்துமஸ் விடுமுறை.

2024 ஜனவரி 13, சனி

போனிஃபேஸ் நைஜீரியா அணியின் பயிற்சியில் காயப்பட்டுவிட்டார். கொசுனு, டாப்சோபா, அட்லி ஆப்பிரிக்கக் கோப்பைக்குப் போயிருக்கிறார்கள். இந்த நிலையில் ஆக்ஸ்பர்க்கில் ஆட்டம். நான் காரில் இருந்தேன், ரேடியோவில்தான் கேட்டேன். கோலே இல்லாமல் இழுத்துக்கொண்டு போனது. சரி, டிராதான் என்று இருந்தபோது 94-வது நிமிடத்தில் மறுபடியும் பாலாசியோஸ்.

பாதி சீசன் முடிந்தது. முதலிடத்தில் இருக்கிறோம்.

பிப்ரவரி 10, சனி

லெவர்குசன் 3, பயர்ன் 0.

வந்து உட்கார்ந்து அரை மணி நேரம் ஆகிறது, இன்னும் எழுத வரவில்லை. ஃப்ரிம்போங்கை அலோன்சோ வெளியே உட்கார வைத்தார். வலது ஓரத்தில் ஸ்டானிசிச்சை இறக்கினார். ஸ்டானிசிச் பயர்னின் ஆள், எங்களிடம் ஒரு வருடக் கடனில் இருக்கிறார். 18-வது நிமிடத்தில் முதல் கோலைப் போட்டவர் அவரேதான். போட்டுவிட்டுக் கொண்டாடவில்லை, கையை மட்டும் உயர்த்தினார். இடைவேளை முடிந்து வந்ததும் கிரிமால்டோ. கடைசியில் கார்னருக்காக பயர்ன் கோல்கீப்பர் நோயர் தன் கோலை விட்டு மேலே வந்திருந்தார். மாற்று ஆட்டக்காரராக வந்த ஃப்ரிம்போங் வெகு தூரத்திலிருந்தே பந்தைக் காலி கோலுக்குள் அனுப்பினார்.

பயர்னுக்கும் எங்களுக்கும் இடையே இப்போது 5 புள்ளிகள்.

அலுவலகத்தில் ஒருவர் போன வாரம் எங்களைக் கம்பெனி கிளப் என்றார், பணத்தால் ஓடும் கிளப் என்றார். இந்தப் பேச்சு எனக்குக் கோபத்தையே தருகிறது. 1904-ல் பேயர் தொழிலாளர்கள் தங்களுக்காகக் கேட்டுத் தொடங்கிய கிளப் இது. தொழிற்சாலை இந்த ஊரிலேயே இருக்கிறது, அதில் வேலை பார்த்தவர்களின் பேரப்பிள்ளைகள் அந்த வடக்கு மேடையில் நின்று பாடுகிறார்கள். மைதானம் 30 ஆயிரம் பேருக்குத்தான் இடம் கொடுக்கும். இதை விடச் சொந்தமான கிளப் எப்படி இருக்க வேண்டும்?

மார்ச் 14, வியாழன்

யூரோபா லீக், ஐரோப்பிய கிளப்களுக்கான இரண்டாம் நிலைப் போட்டி. எதிரணி அஸர்பைஜானின் கராபாக். இரண்டு ஆட்டங்களில் முதல் ஆட்டம் அங்கே 2-2. இன்று எங்கள் ஊரில் 67-வது நிமிடத்தில் 0-2 என்று பின்தங்கினோம். அவர்கள் பத்துப் பேராகிவிட்டிருந்தார்கள், அதுதான் ஒரே ஆறுதல். 72-ல் ஃப்ரிம்போங் ஒன்று. பிறகு 93-ல் ஷிக், 97-ல் மறுபடியும் ஷிக். 3-2.

இதை அதிர்ஷ்டம் என்று எழுதுகிறார்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். இந்த அணி பின்தங்கியிருக்கும்போது என்ன செய்கிறது என்று கவனித்துப் பாருங்கள். பந்தைத் தூக்கி முன்னே அடிப்பதில்லை. முதல் நிமிடத்தில் ஆடியதையே 90-வது நிமிடத்திலும் ஆடுகிறது. பின்னால் மூன்று டிஃபெண்டர்கள், நடுவில் ஜாக்காவும் இன்னொருவரும், அதற்கு முன்னே எதிரணியின் நடு வரிசைக்கும் பாதுகாப்பு வரிசைக்கும் நடுவில் விர்ட்ஸ். இடது ஓரத்தில் கிரிமால்டோவும் வலது ஓரத்தில் ஃப்ரிம்போங்கும் மைதானத்தின் ஓரக் கோட்டை ஒட்டியே நிற்கிறார்கள். எதிரணியின் பாதுகாப்பு வரிசை ஒன்றரை மணி நேரமும் இந்தக் கோட்டுக்கும் அந்தக் கோட்டுக்கும் ஓடியாக வேண்டும். கடைசிப் பத்து நிமிடத்தில் கால் வராது. அந்த நேரம் பார்த்து அலோன்சோ உயரமான ஷிக்கை இறக்குகிறார். கோல் வருவது 97-ல் என்றாலும் வேலை தொடங்குவது முதல் நிமிடத்தில்.

மார்ச் 30, சனி

நேற்று பெரிய வெள்ளி. அலோன்சோ அடுத்த சீசனும் இங்கேயே இருப்பதாகச் சொல்லிவிட்டார். பயிற்சியாளர் கிளாப் லிவர்பூலை விட்டுப் போகிறார், பயிற்சியாளர் டூகெல் பயர்னை விட்டுப் போகிறார், அலோன்சோ இரண்டு கிளப்புக்கும் ஆடியவர். ஜனவரியிலிருந்து இந்த ஊரே அதை நினைத்துத்தான் கவலைப்பட்டுக்கொண்டிருந்தது. இளம் பயிற்சியாளன், இன்னும் கற்றுக்கொள்ள வேண்டும், அதற்கு இதுதான் சரியான இடம் என்ற பொருளில் அவர் பேசியது எனக்கு மிகவும் பிடித்தது.

இன்று ஹோஃபன்ஹைமோடு 88-வது நிமிடம் வரை 0-1. பிறகு ஆண்ட்ரிச் ஒன்று, ஷிக் ஒன்று. 2-1.

ஏப்ரல் 14, ஞாயிறு

ஜெர்மன் சாம்பியன்.

டிக்கெட் கிடைத்தது என் பாக்கியம். பிரேமனோடு ஆட்டம். மைதானத்துக்குப் போகும் தெருவின் பெயர்ப் பலகையில் அலோன்சோவின் பெயரை ஒட்டியிருந்தார்கள். போனிஃபேஸ் பெனால்டியில் தொடங்கினார். ஜாக்கா தூரத்திலிருந்து ஒன்று. விர்ட்ஸ் இடைவேளைக்குப் பிறகுதான் இறங்கினார், இறங்கி மூன்று கோல். அவருக்கு வயது 20. இரண்டு வருடம் முன்பு முழங்கால் தசைநார் கிழிந்து பல மாதம் வெளியே இருந்த பையன். அவருடைய இரண்டாவது கோலுக்கே ஜனங்கள் புல்வெளிக்குள் இறங்கிவிட்டார்கள், வீரர்களே கெஞ்சி வெளியே அனுப்ப வேண்டியிருந்தது. மூன்றாவதுக்கு யாராலும் தடுக்க முடியவில்லை. ஆட்டம் அதோடு முடிந்தது. 5-0.

இன்னும் ஐந்து ஆட்டங்கள் மீதியிருக்கும்போதே 16 புள்ளி முன்னிலை. தொடர்ந்து 11 முறை பயர்ன் எடுத்துக்கொண்டு போன பட்டம்.

இந்தக் கிளப்பை ஜெர்மனி முழுக்க இரண்டாம் இடத்துக்காரன் என்றே கூப்பிடும். காரணம் உண்டு. 2000-ல் கடைசி நாளில் உன்டர்ஹாகிங்கில் டிரா செய்தால் போதும். பல்லாக் தன் கோலிலேயே பந்தைப் போட்டுவிட, 0-2 என்று தோற்றார்கள். 2002-ல் மூன்று ஆட்டங்கள் இருக்கும்போது 5 புள்ளி முன்னிலை. லீக்கை டார்ட்மண்டிடம் விட்டார்கள், ஜெர்மன் கோப்பை இறுதியில் ஷால்கேயிடம் தோற்றார்கள், கிளாஸ்கோவில் சாம்பியன்ஸ் லீக் இறுதியை ரியால் மாட்ரிட்டிடம் 1-2 என்று இழந்தார்கள். எல்லாம் சில வாரங்களுக்குள். பெரியவர் இந்த இரண்டு வருடத்தையும் பார்த்தவர். இரவு அவர் வீட்டுக்குப் போனேன். இரண்டு பேரும் அழுதோம். அதில் மறைக்க என்ன இருக்கிறது?

ஏப்ரல் 21, ஞாயிறு

டார்ட்மண்டில் 1-1. 97-வது நிமிடத்தில் ஸ்டானிசிச் தலையால். என் மனைவியின் தம்பி டார்ட்மண்டில் இருக்கிறான், மஞ்சள் ஜெர்சி டார்ட்மண்டின் கட்சி. உடனே போன். “அத்தான், உங்கட ஆக்களுக்கு ஆட்டம் எப்பதான் முடியுது?” என்றான். “விசில் ஊதினாப் பிறகு, மச்சான்” என்றேன். அவனும் ஒத்துக்கொண்டான்.

ஏப்ரல் 27, சனி

ஸ்டுட்கார்ட் 2-0 என்று முன்னே போனது. 96-ல் ஆண்ட்ரிச் சமன் செய்தார்.

மே 9, வியாழன்

யூரோபா லீக் அரையிறுதி. போன வருடம் இதே அரையிறுதியில் எங்களை வெளியேற்றியது ரோமா. முதல் ஆட்டத்தை ரோமிலேயே 2-0 என்று வென்று வந்திருந்தோம். இன்று பரேடெஸ் இரண்டு பெனால்டி போட்டு மொத்தக் கணக்கைச் சமன் செய்துவிட்டார். 82-ல் மன்சினி தன் கோலில் போட்டதும் இறுதிப் போட்டி உறுதி மாதிரிதான். ஆனால் இன்றைய ஆட்டம் இன்னும் தோல்வி. அணி அதை ஏற்கவில்லை, அரங்கமும் ஏற்கவில்லை. 97-வது நிமிடத்தில் ஸ்டானிசிச் உள்ளே வெட்டி இடது காலால் அடித்தார். 2-2.

தோல்வியில்லாத 49-வது ஆட்டம். பென்ஃபிகா 1963-65-ல் வைத்த 48 ஆட்டச் சாதனை போய்விட்டது.

மே 18, சனி

ஆக்ஸ்பர்க்கோடு 2-1. 34 ஆட்டம், 28 வெற்றி, 6 டிரா, 90 புள்ளிகள். புண்டஸ்லீகாவில் ஒரு தோல்வியும் இல்லாமல் சீசனை முடித்த முதல் அணி. சாம்பியன் கேடயத்தை கேப்டன் ஹ்ராடெக்கி தூக்கினார். 2015-லிருந்து இங்கே ஆடும் தா அதை வாங்கிய விதத்தில் அத்தனை வருடமும் தெரிந்தது. லீக்கில் கிரிமால்டோ மட்டும் 10 கோல், 13 கோலுக்கு உதவி. ஓரத்தில் ஆடுகிற டிஃபெண்டர் அவர்!

மே 22, புதன்

டப்ளின், யூரோபா லீக் இறுதி. இத்தாலியின் அட்டலாண்டா 3, லெவர்குசன் 0. மூன்றும் லுக்மான்.

அவர்கள் பயிற்சியாளர் காஸ்பெரினி எங்கள் ஒவ்வொரு ஆளுக்கும் ஓர் ஆளை ஒட்ட வைத்தார். ஜாக்காவுக்கு நிமிர்ந்து பார்க்க நேரமே கிடைக்கவில்லை. விர்ட்ஸ் எங்கே திரும்பினாலும் பின்னால் ஒருவர். நாங்கள் மற்ற அணிகளின் காலைக் களைக்க வைத்தோம், அட்டலாண்டாவோ எங்களை ஓடவே விடவில்லை. 51 ஆட்டங்களுக்குப் பிறகு ஒரு தோல்வி, அது ஓர் இறுதிப் போட்டியில். வலிக்கிறது. அவர்கள் இன்று நம்மைவிட நன்றாக ஆடினார்கள், அது அவர்களின் முதல் ஐரோப்பியக் கோப்பை, வாழ்த்துகள்.

மே 25, சனி

பெர்லினில் ஜெர்மன் கோப்பை. கைசர்ஸ்லாட்டர்ன் இரண்டாம் டிவிஷன் அணி என்றாலும் மூன்று நாள் முன்பு நொறுங்கிய அணிக்கு எந்த இறுதிப் போட்டியும் சுலபமில்லை. ஜாக்கா சீக்கிரமே தூரத்திலிருந்து ஓர் இடது கால் அடி. இடைவேளைக்குச் சற்று முன் கொசுனுவுக்கு சிவப்பு அட்டை. மிச்ச நேரம் முழுக்கப் பத்துப் பேர். இன்று கடைசி நிமிட கோல் தேவைப்படவில்லை, கடைசி நிமிடம் வரை தாங்குவதுதான் தேவைப்பட்டது. 1-0. 1993-க்குப் பிறகு முதல் ஜெர்மன் கோப்பை.

53 ஆட்டம், ஒரு தோல்வி, இரண்டு பட்டம். ஆகஸ்டில் சூப்பர் கோப்பை, எதிரணி ஸ்டுட்கார்ட். அதற்குப் பிறகு சாம்பியன்ஸ் லீக். விர்ட்ஸும் அலோன்சோவும் இருக்கிறார்கள். பெரியவர் தனக்கும் சேர்த்து டிக்கெட் போடச் சொல்லியிருக்கிறார்.