கையை எடு

சிங்கப்பூரில் துவாஸ் பக்கம் ஒரு யார்டில் சேஃப்டி சூப்பர்வைசராக இருக்கிறேன். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை சிபிஆர், ஏஇடி பயிற்சிக்குப் போய்ச் சான்றிதழைப் புதுப்பித்துக்கொண்டு வருவேன். இதயம் நின்றவரின் நெஞ்சை அழுத்தி ரத்தத்தை ஓடவைப்பது சிபிஆர். நெஞ்சில் ஒட்டும் பேட் வழியாக இதயத்துக்கு மின்சார ஷாக் கொடுக்கும் கருவி ஏஇடி. பொம்மையின் நெஞ்சை அழுத்துவேன், பேட் ஒட்டுவேன், பட்டனைத் தட்டுவேன், தேர்வு முடிந்துவிடும். பொம்மைக்கு வியர்க்காது. அதன் கையைப் பிடித்துக்கொண்டு யாரும் அழவும் மாட்டார்கள்.

அன்று காலை டீ நேரம் முடிந்து ஆட்கள் திரும்பிக்கொண்டிருந்தார்கள். அறந்தாங்கிப் பக்கத்து வெல்டர் அண்ணன் ஒருவர் இரும்புத் தகட்டின் மேல் அப்படியே சரிந்தார். ஓடினேன். ஆனால் உடனே தொடவில்லை. பக்கத்தில் வெல்டிங் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது, மின்சாரம் அடித்துக்கூட விழுந்திருக்கலாம். "மெயினை ஆஃப் பண்ணு" என்று கத்தி, அது அணைந்ததைப் பார்த்த பிறகுதான் தோளைத் தட்டிக் கூப்பிட்டேன். அசைவே இல்லை.

"மூச்சு இருக்குண்ணே, குறட்டை விடுறாரு" என்றான் அவர் ஊர்க்காரத் தம்பி. அது மூச்சு இல்லை. இதயம் நின்ற முதல் சில நிமிடங்களில் வாய் பிளந்து விட்டுவிட்டு வரும் இழுப்பு. அதை மூச்சென்று நம்பி முகத்தில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தால் ஆள் போய்விடுவார். எதுவும் செய்யாமல் கழியும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 விழுக்காடு குறைகிறது. ஒருவனை விரல் நீட்டி "நீ ஆம்புலன்ஸுக்கு 995 அடி" என்றேன். இன்னொருவனை "நீ செக்யூரிட்டி ரூம்ல இருக்கிற ஏஇடியை எடுத்துட்டு ஓடி வா" என்றேன். "யாராவது போங்க" என்று சொல்லியிருந்தால் எல்லாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றிருப்பார்கள்.

நெஞ்சின் நடுவில் 5 சென்டிமீட்டர் ஆழத்துக்கு, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை. 995இல் பேசிய பெண் ஸ்பீக்கரில் எண்ணிக்கொண்டே வந்தார். அந்தக் குரல் இல்லாவிட்டால் பதற்றத்தில் என் வேகம் தப்பியிருக்கும்.

ஏஇடி வந்தது. 1965இல் பெல்ஃபாஸ்ட்டில் ஃபிராங்க் பான்ட்ரிட்ஜ் என்ற மருத்துவர் ஆம்புலன்ஸில் ஏற்றிய முதல் ஷாக் கருவி 70 கிலோ எடை என்று பயிற்சியாளர் சொல்லியிருந்தார். எங்களுடையதைப் பையன் ஒரு கையில் தூக்கிக்கொண்டு ஓடிவந்தான். அண்ணன் போட்டிருந்த கவரால் உடுப்பைக் கத்தரியால் வெட்டித் திறந்தால் நெஞ்சு முழுக்க வியர்வை, பேட் வழுக்கியது. ஈரத்தோலில் மின்சாரம் மேலோடு ஓடிவிடும், இதயத்துக்குச் சரியாகப் போய்ச் சேராது. துண்டால் அழுந்தத் துடைத்துவிட்டு, ஒன்றை வலது காறை எலும்புக்குக் கீழேயும் மற்றதை இடது அக்குளுக்குக் கீழே விலாவிலும் ஒட்டினேன்.

நம் ஆட்கள் பலருக்கு இந்தக் கருவியிடம் பயம். தப்பாக அமுக்கி ஆளைக் கொன்றுவிடுவோமோ என்ற பயம். கருவி முதலில் இதயத்தின் மின்னோட்டத்தைப் படிக்கிறது. துடிப்பு தாறுமாறாகியோ மட்டுமீறி வேகமாகியோ, ரத்தத்தைத் தள்ள முடியாமல் இதயம் வெறுமனே நடுங்கிக்கொண்டிருந்தால்தான் ஷாக்குக்குத் தயாராகும். தேவையில்லை என்று அது முடிவு செய்துவிட்டால் நாம் எத்தனை முறை அமுக்கினாலும் ஷாக் வராது. ஆக, விழுந்தவர் விஷயத்தில் அதை நம்பலாம். சுற்றி நிற்பவர்களை நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும், அவர்களைப் பார்க்க அதற்குக் கண் இல்லை.

"ஸ்டாண்ட் கிளியர்" என்றது. யாருக்கும் புரியவில்லை. பட்டன் மினுங்குகிறது, ஊர்க்காரத் தம்பி அண்ணனின் கையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு அழுகிறான். "கையை எடு!" என்று கத்தினேன். காதில் விழவில்லை. தோளைப் பிடித்துத் தள்ளிவிட்டேன். கால்மாட்டில் நின்ற பங்ளாதேஷ் தோழரிடம் வங்காளத்தில் "ஷோரே ஜான்" என்றேன், விலகினார். தலையிலிருந்து கால்வரை ஒருமுறை பார்த்துவிட்டுப் பட்டனை அமுக்கினேன். உடல் ஒரு தரம் தூக்கிப்போட்டது.

தவறு அதற்குப் பிறகுதான் செய்தேன். கண் திறப்பார் என்று முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். எத்தனை நொடி என்று தெரியாது. ஷாக் அந்தத் தாறுமாறான நடுக்கத்தைத்தான் நிறுத்துகிறது. இதயம் மறுபடி பிடித்துக்கொள்ளும்வரை ரத்தத்தைத் தள்ள வேண்டியது நம் கைதான். ஷாக் போன அடுத்த கணமே அழுத்தத் தொடங்கியிருக்க வேண்டும். இன்றைக்கும் அந்த நொடிகள் என்னை விடவில்லை.

இரண்டு நிமிடம் கழித்துக் கருவி மறுபடி படித்துவிட்டு "நோ ஷாக்" என்றது. "பொழச்சிட்டாரா?" என்றார் ஒருவர். "போயிட்டாரா?" என்றார் இன்னொருவர். இரண்டும் இல்லை. இப்போதைக்கு ஷாக் தேவையில்லை, அவ்வளவுதான் அதன் பொருள். பேட்டைப் பிரிக்காமல், கருவியை அணைக்காமல் அழுத்திக்கொண்டே இருந்தேன். சற்று நேரத்தில் அவர் கை என் கையைத் தள்ளியது. குடிமைத் தற்காப்புப் படையினர் வந்து ஏற்றிக்கொண்டு போனார்கள். சில மாதம் கழித்து, நெஞ்சுக்குள் ஒரு சிறு கருவியோடு அண்ணன் ஊர் போய்ச் சேர்ந்தார்.

அதன்பின் வேலை தொடங்கும் முன் கூடும் டூல்பாக்ஸ் மீட்டிங்கில் பயிற்சிக் கருவியை ஓடவிட்டு, அது ஆங்கிலத்தில் சொல்லும் ஒவ்வொரு சொல்லுக்கும் தமிழிலும் வங்காளத்திலும் பதில் கத்தப் பழக்குகிறேன். எல்லாரும் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "இரும்புத் தகட்டுல வச்சு ஷாக் கொடுத்தா நமக்கும் அடிக்காதா?" மின்சாரம் போவது ஒரு பேடிலிருந்து இன்னொரு பேடுக்கு. பேட் தகட்டில் படாமல், யாரும் உடலைத் தொடாமல் இருந்தால் போதும். தேங்கிய தண்ணீரில் கிடந்தால் மட்டும் முதலில் வெளியே இழுத்துவிட வேண்டும். எங்கள் இடத்தில் நான் அதிகம் அஞ்சுவது கட்டிங் வேலைக்கான ஆக்சிஜன் குழாய்க்கு. வால்வை மூடித் தள்ளி வைக்காமல் ஷாக் கொடுத்தால் ஒரு சிறு பொறி போதும், தீ பிடிக்க.

ஊர்க்காரத் தம்பி இப்போது பயிற்சியில் முதல் வரிசையில் நிற்கிறான். அன்று தள்ளிவிட்டதற்கு அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். "விட்டா அண்ணன் போயிடுவாரோன்னு பயந்துட்டேண்ணே" என்றான்.

இன்னொன்று. ஒருமுறை ஒட்டிய பேடை மறுபடி பயன்படுத்த முடியாது. எங்களிடம் மாற்று பேட் இல்லை. புதியது வர நான்கு நாள் ஆனது. அந்த நான்கு நாளும் முந்நூறு பேர் வேலை செய்த யார்டில் பெட்டி சுவரில் இருந்தது, பேட் இல்லாமல். ஒவ்வொரு நாளும் அதைக் கடந்து போகும்போது வயிறு கலங்கும். இப்போது மாற்று பேட் இரண்டு செட் பெட்டிக்குள்ளேயே இருக்கின்றன. காலையில் வந்ததும் கருவியின் பச்சை விளக்கைப் பார்க்கிறேன். மாதத்தின் முதல் நாள் பேட் உறையில் அச்சிட்ட காலாவதித் தேதியைப் பார்த்துக் கையெழுத்துப் போடுகிறேன்.