தட்டேக்காட்டில் ஒரு ஜோடி

"அதோ, அந்தக் கொடிக்குப் பின்னால" என்று வழிகாட்டிச் சேட்டன் மூன்றாவது தடவையாகக் கை காட்டுகிறார், எனக்குக் காய்ந்த இலைதான் தெரிகிறது.

அப்புறம் ஓர் இலை கண்ணைத் திறந்தது!

தவளைவாயன் என்னும் இரவுப் பறவை ஜோடி. சாம்பல் நிறத்தில் ஆண், செம்பழுப்பில் பெண், ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டு பட்டப்பகலில் தூக்கம்.

1930களில் பறவையியலாளர் சலீம் அலி கேரளாவின் இந்தப் பக்கம் வந்து பறவைகளைக் கணக்கெடுத்தார், சரணாலயமாக அறிவித்தது 1983இல்தான். மொத்தமே 25 சதுர கிலோமீட்டர், பெரியாற்றை ஒட்டிய காடு. நாங்கள் போன பாதையில் ஏற்றம் அதிகமில்லை, முட்டிவலியோடு அம்மாவே நடந்துவிட்டார்.

காட்டுக்குப் போய்வந்தால் எல்லாரும் யானை பார்த்தியா, புலி பார்த்தியா என்றுதான் கேட்கிறார்கள். அசையவே அசையாத ஒரு பறவையை அரைமணி நேரம் பார்த்ததை அவர்களிடம் எப்படிச் சொல்ல?

அம்மாவுக்கு இப்போது தனியாக ஒரு பைனாகுலர் வேண்டுமாம்.